ஜான் மேசன் நீல் பொழுதுபோக்குக்காக எழுதியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பில் கரோல் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படிக்க ஆரம்பித்தேன். 'குட் கிங் வென்செஸ்லாஸ்' பாட்டுக்கு வந்தபோது, வசதியாக வாழ்ந்த விக்டோரியா காலத்துப் பாதிரியார் ஒருவர் பொழுதுபோக்காக எழுதியது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பாதிரியார்தான் ஜான் மேசன் நீல். என்ன வசதி ஐயா அவருக்கு இருந்தது? 1843இல் இங்கிலாந்தில் கிராலி என்ற ஊரின் சபைக்குப் போனவரை, நுரையீரல் கோளாறு சில வாரங்களிலேயே விலக வைத்தது. 1846இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் சாக்வில் காலேஜுக்குப் பொறுப்பாளரானார். பெயர்தான் காலேஜ், உண்மையில் அது ஏழை முதியோர் தங்கும் தர்ம விடுதி. சம்பளம் வருஷத்துக்கு 27 பவுண்டு. 1866இல் 48 வயதில் இறக்கும்வரை அதே வேலைதான். விடுதியின் சிற்றாலயத்தை அவர் அலங்கரித்த விதம் பிடிக்காமல் சிச்செஸ்டர் பிஷப் 1847இல் அவர் ஆராதனை நடத்தவே தடை போட்டார். அது நீங்கப் பல வருஷம் ஆனது. ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பணிவிடை செய்ய செயின்ட் மார்கரெட் சங்கம் என்று பெண்களுக்கு ஒரு துறவற சபையைத் தொடங்கினார். அந்தச் சகோதரிகளில் ஒருவர் காய்ச்சலில் இறந்தபோது, 1857இல் லூயிஸ் நகரத்தில் அவருடைய அடக்கத்துக்குப் போன நீலைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. டாக்டர் பட்டம்கூட அவருக்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில்தான், இங்கிலாந்து மறந்துபோயிருந்த லத்தீன், கிரேக்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். குருத்தோலை ஞாயிறன்று பாடும் 'ஆல் குளோரி, லாட் அண்ட் ஆனர்' 9ஆம் நூற்றாண்டில் தியோடல்ஃப் என்ற பிஷப் லத்தீனில் எழுதியது, ஆங்கிலமாக்கியவர் நீல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் நம் சபைகளில் தமிழிலும் பாடுகிறோமே, இம்மானுவேலை வரச் சொல்லும் பாட்டு, அதை 1851இல் லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் தந்தவரும் நீல்தான். பழைய ராகத்திலேயே பாடவேண்டும் என்பதற்காக மூலத்தின் சந்தத்தை விடாமல் பிடித்தார். பாடகர் குழுவில் நின்று பாடிய எனக்குத் தெரியும், ஓர் அசை கூடினாலும் மூச்சு தடுக்கும்.

என் தகப்பனாரும் இந்த வேலை செய்தவர். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்து, ராத்திரியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழில் எழுதுவார். ஒரு வரிக்காக வாரக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறார்கள், எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சபையின் ஆண்டுவிழா மலரில் அவற்றை அச்சிட்டபோது பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். இடம் இல்லை என்றார்கள். அதே மலரில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களுக்கு முழுப் பக்கம் இருந்தது. என் தகப்பனாரின் அந்த உழைப்பைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

தங்கள் பத்திரிகையிலும் பாட்டுக்கு உழைத்தவரை மதிக்காமல் விடுவது இது முதல் தடவை அல்ல. முன்பு ஓர் ஈஸ்டர் மலரில் ஒரு ஞானப்பாட்டு முழுசாக வந்தது. அடியில் பாடகியின் பெயர் இருந்தது, மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. நெடுநாள் வாசகிக்கு ஒரு வரி பதில் எழுதியிருக்கலாம்.

திருச்சபைக்காக எழுதிய பாட்டு எல்லாருக்கும் பொது என்றுதான் நீல் நினைத்தார், உரிமை கொண்டாடவில்லை. அவர் கேட்காததால் நாம் பெயரையும் எடுத்துவிடலாமா?

அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், வரும் குருத்தோலை ஞாயிறு இணைப்பில் ஏதாவது பாட்டு வந்தால், அதன் கீழே எழுதியவர் பெயரும் மொழிபெயர்த்தவர் பெயரும் பொடி எழுத்திலாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை