மகளுக்கு, வேல்ஸின் லான்கெர்னியூ கிராமத்திலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விடவில்லை. எல்வி ஆறு கீழ்வயல் வரை ஏறிவிட்டது, ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டோம். நீ நன்றாகச் சாப்பிடு. லேசாக ஜுரம் அடித்தாலும் பொறுத்துப் பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போடு.

நேற்று தேவாலயத்துப் பக்கம் போனவன் யூ மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 4000 வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். நடுமரம் எப்போதோ உளுத்துப் போனதால் வளையம் எண்ண வழியில்லை. அந்தப் பிளவுக்குள் எண்ணெய்த் தொட்டி வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்படி நடத்திய மரத்தைத்தான் 2002இல் பிரிட்டனின் 50 பெருமைமிகு மரங்களில் ஒன்றாக அறிவித்தார்கள்.

எனக்கு அந்த மரத்தைக் கண்டால் என்றைக்குமே பயம். வேலி எங்கே பிய்ந்தாலும் உன் தாத்தா முதலில் ஓடுவது அந்தப் பக்கம்தான். யூ இலையைத் தின்ற ஆடு பிழைக்காது, இதயமே நின்றுவிடும். உனக்கு ஏற்றுகிற டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து அதே இலையிலிருந்து எடுக்கும் பொருளில் செய்கிறது என்று உன் அண்ணன் சொன்னபோது நம்ப முடியவில்லை. பிரான்சில் 1980களில் கண்டுபிடித்தார்களாம். இதே வகை மருந்துக்காக அமெரிக்க யூவின் பட்டையை உரித்தால் மரமே போய்விடும். நம் யூவில் இலையை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும். செல் இரண்டாகப் பிரியாமல் தடுக்கிறதாம் மருந்து. விரல் நுனி மரத்துப்போகும் என்றும் சொன்னான். உனக்கு அப்படி இருக்கிறதா? எதுவும் நீ சொல்வதில்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நீ, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் செய்தி மட்டும் எனக்கு அண்ணன் வழியாக வருகிறது.

அக்டோபர் 31 வருகிறது. அந்த வருஷம் சாகப்போகிறவர்களின் பெயரை அன்று ராத்திரி தேவாலயத்துக்குள் ஒரு குரல் வாசிக்கும் என்ற கதை உனக்குத் தெரியும். தையற்காரர் சியோன் கேட்கப் போய், முதலில் வந்தது அவர் பெயராம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்று இந்த ஊரில் இருக்க எனக்கு மனசில்லை. கார்டிஃபுக்கு உன்னிடம் வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஆடுகளை அண்ணன் பார்த்துக்கொள்வான். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று அப்போது சொன்னால் போதும். ஜுரம் வந்தால் மட்டும் நான் வரும்வரை காத்திருக்காதே.

அப்பா