பேஸ் இல்லாத பைலா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை. பதில் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது: திரும்பவும் ட்ரம்ஸ் வாசித்தேன்! போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாண வரவேற்பு. பழைய கோஷ்டியில் மிஞ்சியது நாலு பேர். பேஸ் கிட்டார் வாசிக்கும் உன் இடத்துக்கு ஆள் இல்லை. கீபோர்ட் பெடியன் இடது கையால் பேஸையும் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

மெதுவான பாட்டுகள் பரவாயில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஆட்டப் பாட்டான பைலா தொடங்கியபோதுதான் ஏதோ குறை என்று பிடிபட்டது. 6/8 தாளம், கொழும்புச் சனத்துக்குக் காலிலேயே ஊறினது. ஆனால் ஒருத்தரும் எழும்பவில்லை. மாமிமார் ஐஸ்கிரீமைக் கீழே வைக்கவே இல்லை. பெடியன் சுரம் பிழைவிடவில்லை, காலமும் தப்பவில்லை. பிறகு என்ன குறை?

வீட்டுக்கு வந்து படுத்தும் நித்திரை இல்லை. அப்போதுதான் விளங்கியது. அவன் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது வரும்வரை இழுத்துக்கொண்டே இருந்தான். நான் காலால் அடிக்கும் கிக் ட்ரம்மோடு சேர்த்து நீ கம்பியைத் தட்டுவாய், நான் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் ட்ரம் விழுமுன் இடது கையால் அமத்திவிடுவாய். அந்த வெறும் இடத்தில்தான் ஸ்னேர் கேட்கும், ஆடுகிறவன் கால் தூக்குவான்.

போதாக்குறைக்கு அவனை மேடையின் மற்றத் தொங்கலில் விட்டிருந்தார்கள், எங்கள் வாசிப்பை அவனுக்குக் கேட்கவைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கரும் இல்லை. சத்தம் 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.03 செக்கன் பிடிக்கும். சொற்பம்தான், ஆனால் வாசிக்கிறவனுக்கு உறுத்தும். நீ ஏன் எப்போதும் என் ஹைஹாட் தட்டுகளை இடித்துக்கொண்டு நின்றாய் என்று இப்போது புரிகிறது. பாடகிக்குப் பின்னால் ஒளிகிறாய் என்றல்லவா நினைத்தேன்!

அமெரிக்காவின் டெட்ரொய்ட்டில் மோடவுன் இசைக் கம்பனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நினைவிருக்கிறதா? வலது கையில் ஒரே விரலால் வாசித்த மனுசன். கம்பியை அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம், உன்னைப் போல. நீ கஞ்சத்தனத்தில், அவர் அழுக்குக் கம்பியில்தான் சத்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில். உலகமே அந்தப் பாட்டுகளுக்கு ஆடியது, ஆனால் 1971இல் அங்கே பாடிய மார்வின் கேயின் ஓர் ஆல்பம் வரும்வரை அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறைகளில் பெரும்பாலும் இல்லை. எங்கள் நோட்டீஸில் மட்டும் உன் பெயரைப் போட்டோமா என்ன? என் பெயரையும்தான் போடவில்லை, அது வேறு கதை.

சரி, டிசம்பரில் வருகிறாய் என்று எழுதியிருந்தாய். 28ஆம் திகதி கொட்டாஞ்சேனையில் இன்னொரு கலியாணம் இருக்கிறது. உன் பேஸ் என் அலுமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. கம்பி மாற்றவில்லை.

அன்புடன்,
உன் ட்ரம்ஸ்காரன்