பொப்போவ்ஸ்கியின் உரையைத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள்

ரஷ்ய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்பவர்களுக்கும், அந்த நூல்களைப் பதிப்பிப்பவர்களுக்கும் வணக்கம்.

மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக, ராதுகா நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். டால்ஸ்டாயும் செகாவும் எங்களுக்கு வீட்டு மனிதர்கள் மாதிரி. ஆனால் அவர்கள் எழுதிய மொழி, அவர்களுக்கு முந்தைய நூற்றாண்டில் தத்துவம் பேசப் பழகிய கதை என் கண்ணில் தமிழில் படவே இல்லை. அதனால்தான் நிக்கலாய் நிக்கித்திச் பொப்போவ்ஸ்கியைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

1755-இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. செஞ்சதுக்கத்தின் ஓரத்தில், இன்று வரலாற்று அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் இருந்த பழைய மருந்தகக் கட்டடத்தில்தான் வகுப்புகள். அங்கே தத்துவம் கற்பிக்க வந்தவர் ஒரு பாதிரியாரின் மகன், ரஷ்ய அறிஞரும் கவிஞருமான லொமொனோசவின் மாணவர், வயது இருபத்தைந்து சுமார். அன்று பல்கலைக்கழகம் என்றாலே லத்தீன்தான். பொப்போவ்ஸ்கி லத்தீனில் சளைத்தவரல்லர். ரோமானியக் கவிஞர் ஹொராஸின் கவிதைகளை ரஷ்யமாக்கியவர். அவர்தான் முதல் வகுப்பில் ஆற்றிய உரையிலேயே, தத்துவத்தை ரஷ்ய மொழியில் சொல்லித்தர வேண்டும் என்று வாதாடினார்.

"ரஷ்ய மொழியில் விளக்க முடியாத எண்ணம் என்று ஒன்று இல்லை." அந்த உரையின் உயிர்நாடி இந்த வரிதான். என்னை அதைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது, கலைச்சொற்களைப் பற்றி அவர் பேசும் இடம். ரோமானியர் கிரேக்கரிடமிருந்து தத்துவத்தை வாங்கியபோது, முடிந்த சொற்களைத் தம் மொழியில் பெயர்த்தார்கள், முடியாதவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே செய்யலாம் என்கிறார். லத்தீனும் ஒரு காலத்தில் கடன் வாங்கிய மொழிதான் என்பதை லத்தீன் கோலோச்சிய இடத்திலேயே நின்று சொன்ன துணிவு அது. ஒரு கலைச்சொல்லுக்காக நாள்கணக்கில் தவித்திருக்கும் உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் நினைத்தது உடனே நடந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே அவர் சொல்வன்மைத் துறைப் பேராசிரியராக மாற்றப்பட்டார். தத்துவ வகுப்பு ஃப்ரோமன் என்ற ஜெர்மானியரிடம் போனது. பாடம் மறுபடியும் லத்தீனுக்குத் திரும்பியது. ரஷ்ய மொழி விரிவுரைகள் அங்கே வேரூன்ற 1760-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய இன்னொரு போராட்டம் அச்சுத்தாளிலேயே பதிந்திருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் போப் மனிதனைப் பற்றி எழுதிய தத்துவக் கவிதையைப் பிரெஞ்சு வழியாக அவர் ரஷ்யமாக்கினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது, உலகங்கள் பல உண்டு என்ற கருத்துகள் வேதத்துக்கு முரண் என்று திருச்சபையின் உயர் மன்றம் தடுத்தது. கடைசியில் ஆயர் அம்ப்ரோசி வரிகளை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகே 1757-இல் நூல் வெளிவந்தது. ஆயரின் வரிகள் மட்டும் அதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. எது பொப்போவ்ஸ்கியுடையது, எது அவர்மேல் ஏற்றப்பட்டது என்று வாசகர் கண்ணாலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அன்று கிடைக்கக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

1760-இல் முப்பது வயதை ஒட்டிக் காலமானார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலை மொழிபெயர்த்து வைத்திருந்த கைப்பிரதியைச் சாகுமுன் தானே எரித்துவிட்டார் என்று 1772-இல் ரஷ்ய எழுத்தாளர் நோவிக்கோவ் எழுதி வைத்திருக்கிறார். உரை பிழைத்தது, அறிவியல் கழகத்தின் மாத இதழில் 1755 ஆகஸ்டிலேயே அச்சேறிவிட்டதால்.

நான் கேட்பது பெரிய தொகுதி அல்ல. அந்த உரை சில பக்கங்கள்தான். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல், பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யத்திலிருந்தே அதைத் தமிழாக்குங்கள். அவர் கையாண்ட தத்துவச் சொற்களுக்கு ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். ஒரு சிறு வெளியீடாக வந்தாலும் போதும். செலவில் என் பங்கைத் தரவும் மெய்ப்புப் பார்க்கவும் நான் தயார்.

அன்புடன்,
உங்கள் நூல்களின் நெடுநாள் வாசகன்