டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து தேறியவர், தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்துக்கொண்டவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என யாராக இருந்தாலும், நடக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே "இனிமேல் வண்டி எடுக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். திருச்சியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் நான் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத வாரம் இல்லை. ஆனால் இதற்குப் பொறுப்போடு பதில் சொல்லும் கடமை நம் மருத்துவ அமைப்பில் யாருக்கும் தரப்படவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் அளவு, உணவுக் கட்டுப்பாடு, மறுபரிசோதனைக்கு வரவேண்டிய தேதி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டிருப்பதை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது தரவேண்டிய படிவம் 1-ல், வலிப்பு, திடீர் மயக்கம் அல்லது தலைச்சுற்றல் உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. ஆனால் அது விண்ணப்பதாரர் தானே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். அந்தச் சான்று பல இடங்களில் ஆளைப் பார்க்காமலேயே கையெழுத்தாகி வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. தவிர, இவையெல்லாம் உரிமம் பெறும்போதும் புதுப்பிக்கும்போதும் மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முப்பது வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு அது நாற்பது வயது வரை செல்லும். இடையில் முப்பத்திரண்டு வயதில் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தவரிடம், அந்த எட்டு ஆண்டுகளில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நோயின் காரணமாக ஒருவரிடம் மருத்துவச் சான்று கேட்கவும், உரிமத்தை விலக்கிக்கொள்ளவும் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. மருத்துவமனையில் நடந்தது போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரியவரும் வழிதான் இல்லை.

பக்கவாதத்தில் கை கால் இழுத்துக்கொள்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. இது உடனிருக்கும் வீட்டாருக்குக்கூட எளிதில் பிடிபடுவதில்லை. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கைத்தடி இல்லாமல் நடந்தார், மாடிப்படி ஏறினார், பிடிமானமும் நன்றாகத் திரும்பியிருந்தது. ஸ்கூட்டர் எடுக்க வீட்டில் சம்மதித்துவிட்ட நிலையில், அவருடைய மனைவி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார்: இலையில் உட்கார்ந்தால், உப்பு வைக்கவில்லை, ஊறுகாய் வைக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறாராம். இரண்டும் இலையின் இடது ஓரத்தில் வைத்தபடியே இருந்திருக்கின்றன. ஒரு தாள் முழுவதும் சிறு கோடுகள் போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டச் சொன்னேன். இடது ஓரத்துக் கோடுகளை அவர் தொடவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். இப்படிப்பட்டவர் கண் பரிசோதனையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிடலாம். சாலையில் இடப்பக்கம் ஒட்டிவரும் சைக்கிளும், நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்குபவரும் அவர் கவனத்துக்கு வராமலே போகலாம். ஒரு தாளும் பேனாவும் கொண்டு செய்யக்கூடிய சோதனை இது. கால் மணி நேரம்கூட ஆகாது.

வெளிநாட்டு வழிகாட்டுதல்களை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்பது விதி. அங்கே பேச்சு பெரும்பாலும் காரைப் பற்றியது. இங்கே என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள். கியர் வண்டியில் ஆக்ஸிலரேட்டர், முன் பிரேக், பின் பிரேக் மூன்றும் வலக்கை, வலக்காலிடம் இருக்கின்றன. வலப்பக்கம் பலவீனமானவருக்கு வண்டியை வேகப்படுத்துவதும் நிறுத்துவதும் ஒன்றாகவே கைவிட்டுப்போகின்றன. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின் பிரேக் இடக்கையில் இருப்பதால், இடக்கை விரல்கள் மடங்கச் சற்றுத் தாமதமானாலும் போதும், அவசரத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டி சறுக்கிவிடும். அதே இடப்பக்கப் பலவீனம் உள்ளவர், மற்றவை சரியாக இருந்தால், ஆட்டோமேட்டிக் கார் ஓட்டத் தகுதியானவராக இருக்கலாம். ஆகவே 'ஓட்டலாம்', 'ஓட்டக்கூடாது' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கக்கூடியதல்ல இது. எந்த வண்டி, எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

வயதானவர்களின் நிலை இன்னும் மெதுவாக மாறுவதால், அது அவர்களுக்கே தெரிவதில்லை. கண்புரை தொடங்கியவருக்குப் பகலில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தாலும், இரவில் எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசச்செய்து சாலையையே மறைத்துவிடும். கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும்போது, நேர்ப்பார்வை நீண்ட நாள்களுக்குத் தெளிவாகவே இருக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் கிளம்பினால், சர்க்கரை இறங்கி வண்டியிலேயே நிதானம் தவறலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சையோ மாற்று ஏற்பாடோ உண்டு. கண்புரை அறுவை செய்துகொண்டு நன்றாக வண்டி ஓட்டும் எழுபது வயதுக்காரர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் நடப்பது, பிள்ளைகள் அப்பாவின் சாவியை எடுத்து ஒளித்து வைப்பதுதான். ஐம்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதரை, எந்தச் சோதனையும் செய்யாமல், காரணமும் சொல்லாமல் வீட்டில் உட்காரவைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வலிப்பு நோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு வராதிருந்தால் பொதுவாகக் கார் ஓட்ட அனுமதி கிடைக்கும். நம் படிவத்தில் அப்படி ஒரு கால வரையறையே இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்துப் பல ஆண்டுகளாக வலிப்பே வராதவரும், போன மாதம் விழுந்தவரும் அங்கே ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் உரிமம் கிடைக்காது என்பதால் பலரும் மறைத்துவிடுகிறார்கள், மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை.

ஆட்டோ, லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் மறைப்பதற்கு வயிறுதான் காரணம். இவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியம், மருத்துவரின் சான்றின் பேரில், வண்டி ஓட்டாமல் இருக்கும் மாதங்களுக்கு ஓர் உதவித்தொகை தருமானால், அவர்களும் உண்மையைச் சொல்வார்கள், சாலையில் மற்றவர்களும் பிழைப்பார்கள்.

ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியானவரா என்று சோதித்துச் சொல்வதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும், வீடு தேடி இயன்முறை சிகிச்சை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் 2021 முதல் நம் மாநிலத்தில் நடந்துவருகின்றன. வீட்டுக்குச் செல்லும் இயன்முறை மருத்துவர், நோயாளி எந்த வண்டி ஓட்டுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதையும் அந்தப் பணியில் சேர்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், வாரம் ஒரு நாளாவது, கண், நரம்பியல், எலும்பியல், இயன்முறை மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கும் ஓட்டுநர் தகுதிச் சோதனைப் பிரிவு ஒன்றைத் தொடங்கலாம். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் இதை முதலில் செய்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இந்தப் பிரிவின் அறிக்கையைப் போக்குவரத்து அலுவலகங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் 'பகலில் மட்டும்', 'ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்' என்ற நிபந்தனைகளோடு உரிமம் தர வழிசெய்ய வேண்டும்.

அதுவரை, எந்த மருத்துவமனையாக இருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியில் வண்டி ஓட்டுவது குறித்த ஒரு வரியை மருத்துவர் எழுதியே ஆகவேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை சுற்றறிக்கை அனுப்பவேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.