அணுக்கள் ஏறிவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட என் தம்பி மகனோடு ஒன்றரை வருடமாக மருத்துவமனைக்கு நடக்கிறேன். ‘வெள்ளை அணு ஏறிவிட்டது’ என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம்.

முடியவில்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான சிடி4 அணுக்கள் தேற ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். உடம்பில் உறங்கிக் கிடந்த சைட்டோமெகலோ வைரஸ் விழித்துக்கொள்வதும் இந்த நாட்களில்தான். சிகிச்சைக்குப் பின் முதல் 100 நாட்கள் வாராவாரம் பிசிஆர் (ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பார்ப்பது அதற்காகவே. எங்கள் பையனுக்குக் காய்ச்சல் வரும் முன்பே அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மாத்திரையிலேயே அடங்கியது. அந்த வாரம் பரிசோதனைக்குப் போகாமல் விட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம், சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் மெல்லக் கரைந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை ஊசிக்குக் குறைந்தது இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

வெளிநோயாளிப் பரிசோதனை என்று சொல்லி எங்கள் காப்பீட்டில் இவற்றுக்குப் பணம் தரவில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஐந்து மணி நேரம், அதுவும் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளையோடு. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே ரத்தம் எடுத்து அனுப்ப வசதி செய்து, செலவையும் காப்பீட்டில் சேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், திருவாரூர்