சேகருக்கு, கடை மூடின சேதி கேட்டு

சேகர்,

கடையை மூடிவிட்டாய் என்று பாலு சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். தப்புதான், மன்னித்துக்கொள். துபாயில் வெயில், வேலை, எல்லாம் வழக்கம்போல. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். பெரியவள் பிளஸ் டூ.

இனி கரண்டியைத் தொடமாட்டேன், மச்சானின் டைல்ஸ் கடையில் கணக்கு எழுதப்போகிறேன் என்றாயாமே? டேய், ஹாஸ்டல் மெஸ் கணக்கு உன்னிடம் இருந்த அந்த ஒரு மாதத்தை மறந்துவிட்டாயா? வார்டன் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராயப்பேட்டை ரூமில் உன் லேப்டாப்பில் நின்று நின்று ஓடிய அந்தப் பிரான்ஸ் லியோன் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? 2011 போகூஸ் தோர், செஃப்களுக்கான உலகச் சமையல் போட்டி. 24 நாடுகள், வரிசையாகத் திறந்த கிச்சன்கள், ஒரு செஃப், அவருக்கு உதவியாளாக, கமி என்பார்களே, ஒரு சின்னப் பையன், ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் சமையல். எதிரே கொடியும் மேளமுமாகக் கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலும் தலை நிமிராமல் தட்டில் இலை அடுக்கிக்கொண்டிருந்த டென்மார்க்காரர் ராஸ்முஸ் கோஃபோட்தான் அன்று தங்கம் வாங்கினார். 2005இல் வெண்கலம், 2007இல் வெள்ளி, பிறகு தங்கம். அந்தப் போட்டியில் மூன்றையும் வாங்கியவர் அவர் ஒருவர்தான். நீ எழுந்து நின்று கைதட்டினாய், கீழ் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார்.

நாம் அப்போது கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெள்ளி வாங்கின அதே 2007இல் கோபன்ஹேகனில் ஒரு தோட்டத்துக்குள் 'ஜெரேனியம்' என்று ரெஸ்டாரண்ட் ஆரம்பித்தார். நல்ல ரெஸ்டாரண்டுகளுக்கு மிஷலின் கைடு கொடுக்கும் நட்சத்திரமும் வந்தது. 2009இல் திவாலாகி மூடினார்கள். உலகப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கின கையால்தான் அங்கே சமையல் நடந்தது, அப்படியும் கடை நிற்கவில்லை. இதை நான் போன வாரம்தான் படித்தேன். படித்த நிமிடமே உன் முகம்தான் வந்தது.

அதோடு விட்டாரா? 2010இல் கால்பந்து ஸ்டேடியம் ஒன்றின் எட்டாவது மாடியில் அதே பெயரில் மறுபடி திறந்தார். தங்கம் அதற்கு அடுத்த ஜனவரியில்தான் வந்தது, நாம் பார்த்தோமே, அதுதான். 2016இல் மூன்று நட்சத்திரம், டென்மார்க்கில் முதல் தடவை. 2022 ஆரம்பத்தில் இறைச்சியே வேண்டாம், மீனும் காய்கறியும் போதும் என்று மெனுவை மாற்றினார், அந்த உயரத்தில் யார் அப்படிச் செய்வார்கள்? அந்த வருஷமே உலகின் 50 சிறந்த ரெஸ்டாரண்ட் பட்டியலில் முதலிடம். அவருடைய ஒரு ஐட்டம் இருக்கிறது, விரல் நீளத்துக்கு மட்டி. ஓட்டோடு தட்டில் வருகிறது, ஆனால் அந்த ஓடும் தின்னலாம். மெல்லிசாக மாவைச் சுட்டு, கடல்பாசி நிறத்தில் கோடு கோடாகத் தீட்டி, அசல் ஓடு போலவே செய்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் உன் வாழைப்பூதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பூவாகப் பிரித்து, கள்ளனை எடுத்து, மோரில் போட்டு, ஒன்றுகூடக் கறுக்காமல் எண்ணெயில் விரிய விரியப் பொரித்து, திரும்பவும் மடலுக்குள் அடுக்கிக் கொடுப்பாயே. அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு எங்கள் எக்ஸிக்யூட்டிவ் செஃப் ஐந்து நிமிடம் பேசவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், சேகர், உன் கடையில் சாப்பாட்டைக் குறை சொல்லி ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வாடகை ஏறினதும், கடனுக்குச் சப்ளை எடுத்ததும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கல்லாவையும் நீயே எண்ணினதும்தான் உன்னைச் சாய்த்தது.

கோஃபோட் தனியாக நிற்கவில்லை. ஸோரன் லெடெட் என்று பங்குதாரர், ஒயினும் ஹாலும் அவர் பொறுப்பு. உனக்கு அப்படி ஆள் இல்லை. நான் ஒரு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. இங்கே பதினோரு வருஷம் போதும். நாற்பது சீட், அதற்கு மேல் வேண்டாம். அடுப்பு உன்னுடையது, ஹாலும் கணக்கும் வாடகைப் பேச்சும் என்னுடையது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல், ஆனால் யோசித்துவிட்டுச் சொல்.

அதுவரை கத்திகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. முக்கியமாக அந்த நீலப்பிடி கத்தி.

மார்ச் 14 ராத்திரி திருச்சியில் இறங்குகிறேன். வாழைப்பூ வாங்கி வை, கள்ளன் நான் எடுக்கிறேன்.

ரவி