வானொலி வரலாற்றில் விடுபட்ட இயந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வந்த வானொலி வரலாற்றுக் கட்டுரை, தீப்பொறி டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேரே வால்வுக்கு (வெற்றிடக் குழாய்க்கு) தாவிவிட்டது. இடையில், ஆல்டர்னேட்டரை, அதாவது மாறுதிசை மின்னாக்கியை, சுழற்றியே ரேடியோ அலையை உண்டாக்கிய காலம் ஒன்று உண்டு. அந்த வகையில் இன்றும் ஓடும் ஒரே பெரிய இயந்திரம் ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெரி நகருக்கு அருகே கிரிமெட்டான் நிலையத்தில் இருக்கிறது. அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்ப 1924 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய நிலையம் இது. இயந்திரத்தை வடிவமைத்தவர் பொறியாளர் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன்.

1.6 மீட்டர் விட்டமுள்ள எஃகு வட்டுதான் இதன் ரோட்டார், அதாவது சுழலும் பகுதி. அதில் கம்பிச்சுற்று எதுவும் கிடையாது. விளிம்பில் 488 பள்ளங்கள் மட்டுமே. நிமிடத்துக்கு 2,115 சுற்று. 488-ஐ 2,115-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 17,200 அதிர்வு. அதுவே நிலையத்தின் அலைவரிசை, 17.2 கிலோஹெர்ட்ஸ். பள்ளி மாணவரும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய டிரான்ஸ்மிட்டர் வேறு எது இருக்கிறது?

சுழற்றுவதைவிட வேகத்தை மாறாமல் வைத்திருப்பதுதான் கடினம். நிமிடத்துக்கு ஒரு சுற்று பிசகினாலே அலைவரிசை 8 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். மோர்ஸ் புள்ளி ஒவ்வொன்றுக்கும் 200 கிலோவாட் சுமை சட்டென்று ஏறி இறங்குவதால் வட்டு வேகம் குறையப் பார்க்கும். அதனால் மோர்ஸ் தட்டும் சாவியை அழுத்தும்போதே மோட்டாருக்கும் கூடுதல் மின்சாரம் போகும்படி அமைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மின்னோட்டத்தைச் சாவியின் முனைகள் நேரடியாகத் துண்டித்தால் கருகிவிடும். எனவே சாவி, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் காந்தப் பெருக்கி ஒன்றின் இரும்பு உள்ளகத்தை மட்டும் ஆள்கிறது. மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஆன்டெனாவின் சிக்கல் வேறு. அலைநீளம் 17.4 கிலோமீட்டர். அதில் கால் பங்கே நாலு கிலோமீட்டருக்கு மேல். கோபுரங்களோ 127 மீட்டர்தான். இத்தனை குட்டையான ஆன்டெனாவில் சக்தியின் பெரும்பகுதி மண்ணிலேயே வீணாகும். ஆறு கோபுரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் கம்பியைத் தனிச் சுருள் வழியே தரைக்கு இறக்கினார் அலெக்சாண்டர்சன். மின்னோட்டம் ஆறு வழியாகப் பிரிவதால் மண்ணில் ஏற்படும் இழப்பு வெகுவாகக் குறைகிறது. இந்தத் தீர்வுக்காகவே அவரைப் பாடநூல்களில் சேர்க்கலாம்.

சிற்றலை வந்த பிறகும் நிலையம் பிழைத்ததற்குக் காரணம் நீர்மூழ்கிக் கப்பல்கள். இத்தனை நீண்ட அலை கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் இறங்கும். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருப்பதும் இதற்காகவே. கிரிமெட்டான் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆண்டுதோறும் ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிறன்று எஸ்.ஏ.கியூ. என்ற அழைப்புக்குறியுடன் மோர்ஸ் செய்தி அனுப்புகிறார்கள். அந்த அறிவிப்பைத் தாங்கள் முன்கூட்டியே வெளியிட்டால் மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்.

கேட்க முயல்வோருக்கு: கணினியின் சவுண்ட் கார்டையே ரிசீவராக்கலாம். அது 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (வினாடிக்கு 48,000 முறை அலையை அளந்து) இயங்கினால் அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும்; 17.2 அதற்குள் அடங்கும். ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் 50 சுற்று, அதாவது 200 மீட்டர் கம்பி, சுற்றினால் சுமார் 8 மில்லிஹென்றி மின்தூண்டல் உள்ள சுருள் கிடைக்கும். அதற்கு இணையாக 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, சிறிய கெப்பாசிட்டர்களைக் கூட்டிக் குறைத்து 17.2-க்குச் சரிசெய்ய வேண்டும். எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜரும் இரைச்சலால் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். மொட்டை மாடியில், மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். கணினியின் இரைச்சல் குறைப்பு வசதியையும் அணைத்துவிட வேண்டும். முதலில் 18.2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விஜயநாராயணம் தெரிகிறதா என்று பாருங்கள். அதுவே தெரியாவிட்டால் கோளாறு உங்கள் சுருளில்தான். தென்மேற்குப் பருவ மின்னல் காலத்தில் ஸ்வீடன் சமிக்ஞை இங்கே எட்டுவது அரிது. அப்போது நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரில் கேட்கலாம். செய்திக்கு அரை மணி முன்பே இயந்திரத்தை ஓட்டிச் சுருதி சேர்ப்பார்கள்; அப்போதே இணைந்துவிடுவது நல்லது.

– ஒரு வாசகர், திருச்சி